கரையும் டிஸ்க்

கல்முனை நகரைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போனால், ஏ4 நெடுஞ்சாலையில் அடுத்து வரும் ஊர் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன தமிழ்க் கிராமம். அதையொட்டி வடக்கே மருதமுனை. கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் நாடறிந்த முஸ்லிம் ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. நடந்தே கடந்துவிடக்கூடிய இந்த நிலத்துக்குள் முதுகை வருத்தும் தொழில்களுக்குக் குறைவில்லை. கரைவலைக் கயிற்றை மணலில் காலூன்றி இழுப்பவர்கள், தறியின் முன் நாள் முழுக்க முன்சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள், 50 கிலோ பசளை மூட்டையை லொறியிலிருந்து தோளுக்கு மாற்றுபவர்கள், முச்சக்கர வண்டியில் குலுங்கிக்கொண்டே பிழைப்பவர்கள் என்று பட்டியல் நீளும்.

இவர்களுக்கு நாரிப்பிடிப்பு புதிதல்ல. எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தால் நாலைந்து நாளில் போய்விடும். ஆனால் ஒருநாள் வலி நாரியோடு நிற்பதில்லை. பிட்டத்தில் இறங்கி, பின்தொடை வழியே கெண்டைக்காலைப் பிடித்து, பாதத்தின் ஓரம்வரை போகிறது. இருமினால் வெட்டி இழுக்கிறது. உட்கார முடியவில்லை, படுத்தாலும் புரள முடியவில்லை. இதுதான் சியாட்டிக்கா. எம்.ஆர்.ஐ. படத்தில் "டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது" என்று எழுதி வருகிறது. வீட்டில் உடனே பேச்சு சத்திரசிகிச்சைக்குப் போய்விடுகிறது: நகையை அடகு வைப்பதா, கொழும்பில் யாரைப் பிடிப்பது, வெட்டினால் கால் போய்விடுமா?

அந்தப் பேச்சுக்கு முன்னால் குடும்பம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பிதுங்கி வெளியே வந்த டிஸ்க்கினால் வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்குக் கத்தி படாமலே ஆறுகிறது. பல வேளைகளில் அந்தப் பிதுக்கமே சுருங்கிக் காணாமற்போகிறது. அது எப்படி நடக்கிறது, அதற்கு என்ன செய்து உதவலாம், யார் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் இன்று நன்றாகத் தெரிந்த விடயங்கள்.

நெய்த வளையம்

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் கூழ்போன்ற கரு. இளவயதில் அதில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். கருவைச் சுற்றி 15 முதல் 25 அடுக்குகள் கொண்ட நார்வளையம். ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அதைக் குறுக்கே வெட்டும். மருதமுனைத் தறியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதுபோல இந்த அடுக்குகள் சேர்ந்துதான் கருவை உள்ளே அடக்கி வைத்திருக்கின்றன.

பாரத்தை நேராகத் தாங்குவதில் இந்த அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. உடம்பைத் திருகும்போது மட்டும், ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் இறுக, மறுபக்கம் சாய்ந்தவை தளர்கின்றன. பாதி நார்களே பாரம் சுமக்கின்றன. மூட்டையைத் தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பி அடுத்தவரிடம் கொடுக்கும் அசைவு ஆபத்தானது என்பது இதனால்தான்.

1999இல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு, ஒரு தன்னார்வலரின் நான்காவது நாரி டிஸ்க்குக்குள் அழுத்தமானி ஒன்றை வைத்து அன்றாட அசைவுகளை அளந்தது. குப்புறப் படுத்திருக்கையில் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல். இயல்பாக நிற்கையில் 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ பாரத்தைத் தூக்கியபோது 2.3. அதே பாரத்தை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. தூக்கியதை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. அதே மனிதர், அதே 20 கிலோ. தூக்கிப் பிடிக்கும் விதம் மாறியதும் டிஸ்க் சுமந்த பாரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

வளையத்தில் கீறல் விழுந்து, கரு அதன் வழியே பின்பக்கம் பிதுங்குவதைத்தான் ஊரில் "டிஸ்க் விலகிட்டு" என்கிறார்கள். உண்மையில் டிஸ்க் இடம்விட்டு எங்கும் போவதில்லை. அதன் உள்ளிருப்பதில் கொஞ்சம் வெளியே வருகிறது. பெரும்பாலும் இது நாரியின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நடக்கிறது. அந்த இடத்தில் புறப்படும் நரம்பு வேர்கள்தான் உடலின் மிகப் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பில் போய்ச் சேர்கின்றன. பிழை நாரியில் இருக்க, வலி காலில் தெரிவதன் காரணம் இதுதான்.

பழைய நோய், புதிய குற்றவாளி

நோய் மிகப் பழையது. யூனானி மருத்துவத்தில் இதற்கு இர்க்குன் நஸா என்று பெயர். குர்ஆனின் 3ஆம் அத்தியாயம் 93ஆம் வசனத்தில், யஃகூப் நபி தமக்குத் தாமே ஓர் உணவைத் தடுத்துக்கொண்ட செய்தி வருகிறது. அதற்குக் காரணம் அவருக்கு இருந்த இந்த நோயே என்று விரிவுரையாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். 1764இல் நேப்பிள்ஸ் மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுக்னோ, இது மூட்டு நோவு அல்ல, நரம்பு நோவு என்று பிரித்துக் காட்டி ஒரு நூலே வெளியிட்டார்.

ஆனால் டிஸ்க் மீது சந்தேகம் உறுதிப்பட 1934 ஆனது. பொஸ்டன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் மிக்ஸ்டரும் பாரும், அதுவரை கட்டி என்று வெட்டி எடுக்கப்பட்டவற்றில் பல உண்மையில் உடைந்து வெளியே வந்த டிஸ்க் துண்டுகள்தான் என்று நிறுவினார்கள். அழுத்தும் பொருளை அகற்றினால் வலி போகும் என்ற எளிய எண்ணம் உலகெங்கும் பரவியது. அடுத்த பல பத்தாண்டுகள் கத்தியின் காலம்.

அந்த எண்ணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரின் நாரியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுக்கமே இருந்தது. 2015இல் 3,110 பேரின் படங்களைத் தொகுத்த ஆய்வில், வலியற்ற 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் உப்பல் தெரிந்தது. ஆகவே படத்தில் கண்ட பிதுக்கம்தான் இந்தக் கால்வலிக்குக் காரணம் என்று சொல்ல, படம் மட்டும் போதாது. வலி போகும் பாதை, மரத்த இடம், பலம் குறைந்த தசை ஆகிய மூன்றும் படத்தோடு பொருந்த வேண்டும்.

அந்தப் பொருத்தத்தைப் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம். வைத்தியர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலிக்கும் காலை மெல்ல உயர்த்துவார். 30 பாகையிலிருந்து 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழேயும் சுரீரென்று இழுத்தால் நரம்பு வேர் எரிச்சலில் இருக்கிறது. பிறகு குதிகாலில் நடக்கச் சொல்வார். முடியாவிட்டால் ஐந்தாவது நாரி நரம்பில் சந்தேகம் விழும். நுனிக்காலில் எழும்பச் சொல்வார்; முடியாவிட்டால் அதற்கடுத்த நரம்பில். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையானாலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையானாலும், நல்ல வைத்தியர் ஒருவர் இந்தச் சோதனைகளை ஐந்தே நிமிடத்தில் செய்துவிடலாம்.

உடல் தின்னும் விதம்

1993இல் சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் ஷெல் ஓல்மார்க்கர் குழுவினர் பன்றிகளில் ஒரு சோதனை செய்தார்கள். டிஸ்க்கின் கருவை எடுத்து, அழுத்தம் ஏதுமின்றி நரம்பு வேர்கள்மீது சும்மா வைத்தார்கள். சில நாட்களில் நரம்பின் கடத்தும் வேகம் குறைந்தது. கருவிலுள்ள இரசாயனங்களே நரம்பை அழற்சிக்கு ஆளாக்குகின்றன என்பது இதிலிருந்து தெரிந்தது. நெருக்குதலோடு சேர்ந்து இந்த அழற்சியும்தான் கால்வலியை இவ்வளவு கொடியதாக்குகிறது. அழற்சி தணிந்தால், பிதுக்கம் அங்கேயே இருக்கும்போதும் வலி குறையலாம்.

அந்த அழற்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிஸ்க்கின் கரு பிறப்பிலிருந்தே இரத்த ஓட்டத்துக்கு வெளியே மறைந்து கிடந்தது. அது வளையத்தைக் கிழித்துக்கொண்டு வந்ததும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அந்நியப் பொருளாகத் தெரிகிறது. சுற்றிலும் புதிய இரத்த நாளங்கள் முளைக்கின்றன. பெருவிழுங்கிகள் என்ற வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து, நொதிகளைச் சுரந்து, வெளிவந்த துண்டைக் கரைத்துத் தின்கின்றன. தண்ணீர் வற்றியும் துண்டு சுருங்குகிறது.

இதில் நோயாளிகளை ஆச்சரியப்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வெறும் உப்பலாக இருந்த டிஸ்க்குகளில் 13 சதவீதமே தானாகச் சுருங்கின. பிதுங்கியவற்றில் 41 சதவீதம். வளையத்தைக் கிழித்து வெளியே வந்தவற்றில் 70 சதவீதம். முற்றாகப் பிரிந்து துண்டாய்க் கிடந்தவற்றில் 96 சதவீதம். படத்தில் எது பார்க்கப் பயங்கரமாக இருக்கிறதோ, அதுதான் இரத்த நாளங்களுக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது. அதுவே விரைவில் கரைகிறது.

கட்டிலா, நடையா?

"வாப்பா, எழும்பாதீங்க, படுத்தே இருங்க" என்று மகள் சொல்வது பாசத்தால். ஒரு தலைமுறைக்கு முன் வைத்தியர்களும் அதையேதான் சொன்னார்கள். 1999இல் நெதர்லாந்தில் 183 சியாட்டிக்கா நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மற்றவர்களை முடிந்த அளவு நடமாடவிட்டார்கள். 12 வாரம் கழித்து இரு பிரிவிலும் தேறியவர்கள் ஒரே அளவு: 87 சதவீதம். படுத்தவர்களுக்குக் கிடைத்த இலாபம் எதுவுமில்லை. படுக்கையில் தசை மெலிகிறது, கூலி போகிறது, பயம் வளர்கிறது. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுப்பதில் தவறில்லை. அதன் பிறகு வீட்டுக்குள் நடை, பிறகு முற்றம், பிறகு அதிகாலையில் கடற்கரையின் ஈர மணலில் கொஞ்ச தூரம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். நீண்ட நேரம் உட்காருவதை, குறிப்பாகக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதை, இயன்றவரை தள்ளிப்போடுவது நல்லது. தொழுகையில் ருகூவும் சுஜூதும் தாங்க முடியாத நாட்களில் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது.

உடற்பயிற்சி முறைகளில் பேர்பெற்ற ஒன்று தற்செயலாகப் பிறந்தது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ரொபின் மக்கென்சி என்ற இயன்மருத்துவர், கால்வலியோடு வந்த ஒருவரை அறைக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்தது யாருக்கும் நினைவில்லை. வந்தவர் அப்படியே முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் படுத்துவிட்டார். சில நிமிடம் கழித்து மக்கென்சி பதறிக்கொண்டு வந்து பார்த்தபோது, பல வாரமாக விடாத கால்வலி போயிருந்தது. இதிலிருந்து வளர்ந்த முறையில், வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து நாரிக்கும் ஏறி வருவது நல்ல அறிகுறி. நாரியில் சற்றுக் கூடினாலும் காலில் குறைகிறதென்றால் அந்தப் பயிற்சி அவருக்குப் பொருந்துகிறது. மாறாக வலி காலில் மேலும் கீழிறங்கினால் நிறுத்திவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் இயன்மருத்துவப் பிரிவின் அருமை இங்கேதான் தெரியும்: எந்தத் திசையில் அசைந்தால் வலி நாரிக்கு ஏறுகிறது, எதில் காலுக்கு இறங்குகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பழகிய கண் வேண்டும்.

மாத்திரை, ஊசி, எண்ணெய்

மருந்துகள் செய்யக்கூடியது அளவானது. டைக்குளோபினாக் போன்ற வலிநிவாரணிகள் சியாட்டிக்காவில் தரும் நன்மை சிறியது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் உண்மையான ஆபத்துகள். வெயிலில் வியர்த்து உழைத்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, பார்மசியில் கேட்டு வாங்கிய மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குபவர் சிறுநீரகத்தோடு விளையாடுகிறார். நரம்பு வலிக்கென்று எழுதப்படும் பிரிகாபலினை 2017இல் அவுஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை; தலைச்சுற்றல் மட்டும் கூடியது. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2020இல் சியாட்டிக்காவுக்கு அந்த வகை மருந்தே வேண்டாமென்றது. இழுவைச் சிகிச்சையையும் இடுப்புப் பட்டியையும் அது ஏற்கெனவே 2016இல் ஒதுக்கிவிட்டது. முதுகுத்தண்டுக்குள் நரம்பு வேரருகே போடும் ஸ்டீரொய்ட் ஊசி, கடும் வலியின் முதல் வாரங்களில் சிலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் 2020இல் வந்த கொக்ரேன் தொகுப்பாய்வில் சராசரி நிவாரணம் 100க்கு ஏறத்தாழ 5 புள்ளிதான். நீரிழிவுள்ளவர்களுக்கு அந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஊரில் சித்த வைத்தியரின் எண்ணெயும் ஒத்தடமும் உண்டு. யூனானி முறையின் ஹிஜாமாவும் உண்டு. சூடும் தடவலும் இறுகிய தசையைத் தளர்த்தி, நோயாளியை நடக்கவைக்குமானால் அது பெரிய உதவி. பிதுங்கிய கருவை உள்ளே தள்ள எந்த எண்ணெயாலும் முடியாது. உள்ளே போக வேண்டிய தேவையும் அதற்கில்லை. தவிர்க்க வேண்டியது, முதுகில் ஏறி மிதிப்பதும் இடுப்பைப் பிடித்து வெடுக்கென்று திருகுவதும். கீறல் விழுந்த வளையத்தில் அந்தத் திருகல் மிச்சக் கருவையும் வெளியே தள்ளிவிடக்கூடும்.

கத்திக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு பப்பாசிக் கதையும் இருக்கிறது. மாட்டிறைச்சி மிருதுவாக வேகப் பச்சைப் பப்பாசித் துண்டு போடுவது கிழக்கு மாகாணச் சமையலறைகள் அறிந்ததுதான். அதன் பாலிலுள்ள நொதிகள் புரதத்தை உடைக்கின்றன. 1956இல் லூயிஸ் தோமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்த நொதிகளில் ஒன்றை முயல்களின் இரத்தத்தில் செலுத்தியபோது, விறைத்து நின்ற காதுகள் துவண்டு விழுந்தன. சில நாளில் மீண்டும் நிமிர்ந்தன. குருத்தெலும்பின் பிடிமானத்தை நொதி கரைத்திருந்தது. இதைப் படித்த லைமன் ஸ்மித் என்ற எலும்பு நிபுணர், பப்பாசிப் பாலின் இன்னொரு நொதியான கைமோபப்பைனை மனித டிஸ்க்குக்குள் ஊசியாகப் போட்டு, 1964இல் முடிவை வெளியிட்டார். 1982இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. பலருக்குக் கால்வலி போனது. ஆனால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வந்தது. அரிதாகச் சிலருக்குத் தண்டுவடமே பாதிக்கப்பட்டது. 2003இல் அங்கே விற்பனை நின்றது. அந்த வழி அத்தோடு மூடப்படவில்லை: பற்றீரியாவிலிருந்து எடுத்த கொண்டோலியேஸ் என்ற வேறொரு நொதிக்கு 2018இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. ஒரேயொரு ஊசி, கருவின் தண்ணீர் பிடித்துவைக்கும் மூலக்கூறுகளை மட்டும் குறிவைக்கிறது.

எவ்வளவு காலம் பொறுப்பது?

1983இல் நோர்வேயின் ஹென்ரிக் வேபர் 126 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி, சிலருக்குச் சத்திரசிகிச்சையும் மற்றவர்களுக்குக் கத்தியில்லாச் சிகிச்சையும் கொடுத்த ஆய்வை வெளியிட்டார். முதல் ஆண்டில் வெட்டியவர்கள் நன்றாக இருந்தார்கள். நான்காம் ஆண்டில் வித்தியாசம் மங்கியது, பத்தாம் ஆண்டில் இல்லாமலே போனது. 2007இல் நெதர்லாந்தின் பீல் குழு 283 பேரில் இதைத் திருப்பிப் பார்த்தது. சீக்கிரம் வெட்டியவர்கள் சராசரியாக 4 வாரத்தில் தேறினார்கள், காத்திருந்தவர்கள் 12 வாரத்தில். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். ஆனால் காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதத்தினர் வலி தாங்காமல் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 2020இல் கனடாவில் வந்த ஆய்வு காத்திருப்புக்கு ஓர் எல்லையையும் காட்டியது: நான்கு மாதத்திலிருந்து ஓராண்டுவரை வலி விடாமல் இருந்த 128 பேரில், வெட்டியவர்களின் கால்வலி ஆறு மாதம் கழித்து 10க்கு 2.8, மற்றவர்களுக்கு 5.2.

ஆகவே முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் உடலுக்குக் கொடுக்க வேண்டிய தவணை. அந்தத் தவணை முடிந்தும் வலி குறையாவிட்டால் சத்திரசிகிச்சை நிபுணரைக் காண்பது நியாயமான அடுத்த படி. அதில் வெட்கப்படவோ தோற்றுவிட்டோமென்று எண்ணவோ எதுவுமில்லை.

சிலருக்கு அந்தத் தவணையே கிடையாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலமோ சிறுநீரோ அறியாமல் போவது, குதிரைமேல் அமரும்போது சேணத்தில் படும் பகுதி, அதாவது தொடையிடுக்கும் ஆசனவாய்ச் சுற்றும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒன்றாகப் பலமிழப்பது ஆகியவை முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளங்கள். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். மணித்தியாலக் கணக்கில் தாமதித்தாலும் சிறுநீர்ப்பை நிரந்தரமாகச் செயலிழக்கலாம். பாதம் நாளுக்கு நாள் தொங்கிக்கொண்டு வருவதும், முதுகுவலியோடு காய்ச்சல் அல்லது காரணமற்ற உடல் மெலிவு சேர்வதும், புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி வருவதும் உடனே காட்ட வேண்டியவையே.

தேறியவர் வேலைக்குத் திரும்பும்போது, வேலையும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரத்துக்குச் சொன்ன உச்ச வரம்பு 55 கிலோ. ஒரு பசளை மூட்டை அந்த வரம்பை ஒட்டியே நிற்கிறது. அது ஆரோக்கியமான முதுகுக்குச் சொன்ன கணக்கு. புதிதாக ஆறிய வளையத்துக்கு அல்ல. மூட்டையை இருவராகத் தூக்குவது, 25 கிலோவாகப் பிரிப்பது, திரும்ப வேண்டியிருந்தால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்துவைத்துத் திரும்புவது, தறியில் இருப்பவர் அரை மணிக்கொரு தடவை எழுந்து முதுகைப் பின்னோக்கி வளைத்துவிட்டு உட்காருவது: இவை எதற்கும் காசு செலவில்லை. முதலாளியும் கூட்டாளியும் இதற்கு இடம் கொடுத்தால், தேறியவர் அதே தொழிலில் நிலைக்க முடியும்.